தோளில் மிஞ்சிய வார்

அந்தப் பையின் கிளிப்பில் பழுது இருந்தது. அது தெரிந்தேதான் விற்றேன்.

தெரியாமல் நடந்தது என்று ஐந்து வருடமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் சொல்வதை நானே நம்புவதில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரோ, எந்த ஊரோ... என் கடைக்கு வந்து என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. பாருங்கள், குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதுகூட எனக்கு வசதியான ஆளாகத் தேடுகிறேன்!

மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு கேமராக் கடையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். கேமராவைப் பற்றிப் பேச இன்று ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. பையைப் பற்றிப் பேச நான்தான். வருகிறவர் மோட்டாரில் போகிறவரா, காரில் போகிறவரா, வலது தோள் சரிந்தவரா, கழுத்து வலிக்காரரா என்று பார்த்த உடனே சொல்லிவிடுவேன். "அண்ணே, நீங்களே ஒரு பை எடுத்துக் குடுங்க லா" என்று கேட்டு வருகிற கல்யாணப் படக்காரர்கள் கோலா கங்சார் வரைக்கும் இருக்கிறார்கள். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது. நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்று இன்று நினைக்கிறேன்.

எங்கள் முதலாளி சீனர். தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். தோள் வாரில் இரும்புக் கொக்கி இருந்தால்தான் பையை வாங்குவார். நான் ஒரு புது ரகத்தைக் கண்டுபிடித்து, அதைத் தருவிக்கலாம் என்று நச்சரித்தேன். நல்ல கித்தான் துணி, உள்ளே மெத்தைத் தடுப்பு, வாரின் இரண்டு முனையும் சேர்ந்து பையில் மாட்டுகிற, ஒரு கையாலேயே கழற்றக்கூடிய ஒரே பிளாஸ்டிக் கிளிப். தவுக்கே கிளிப்பை மட்டும் தொட்டுப் பார்த்தார். "தாக் தாஹான் லா," என்றார். மலாயில் தாங்காது என்று பொருள்.

"தாங்கும் தவுக்கே, நான் பொறுப்பு," என்றேன்.

ஆறு பைகள் வந்தன. முதல் மாதமே ஒன்று திரும்பி வந்தது. வாங்கிய பள்ளி ஆசிரியர் கோபப்படவில்லை. கிளிப் தானாகக் கழன்றுவிடுகிறது என்று மட்டும் சொன்னார். அவருக்கு வேறொன்றைக் கொடுத்து அனுப்பினேன். தவுக்கே கேட்டபோது, "நிறம் பிடிக்கலையாம்," என்றேன். அதுதான் முதல் பொய். சின்னப் பொய்தானே என்று நினைத்தேன்.

அவர் போனதும் கிளிப்பைச் சோதித்தேன். பத்து முறை மாட்டி இழுத்தேன். ஒன்பது முறை பிடித்தது. வாரின் முனையில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் பற்களில் ஒன்று அடியில் வெளுத்து, லேசாக வளைந்திருந்தது. குப்பையில் போட்டிருக்க வேண்டும். போட்டால் கணக்கெடுக்கும்போது தவுக்கே கேட்பார். துடைத்து, விலைச்சீட்டு ஒட்டி, மறுபடியும் அலமாரித் தட்டில் வைத்தேன்.

மற்ற ஐந்தும் விற்றுப்போயின. அது மட்டும் நின்றது. கடையைத் திறக்கும்போதெல்லாம் தவுக்கே அதைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் லோகேஸ்வரி அக்கா வந்தார்.

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் வீடு. எட்டு வருடம் ஒரு கல்யாணப் படக்காரரிடம் உதவியாளாக இருந்து, விளக்குப் பிடித்து, குடை பிடித்து, பெண்ணின் முந்தானையைச் சரிசெய்து, அப்படியே தொழிலையும் கற்றுக்கொண்டவர். பெண் அலங்கரிக்கிற அறைக்குள் ஒரு பெண்ணே படமெடுக்க வேண்டும் என்று கேட்ட குடும்பம் ஒன்று, முழுக் கல்யாணத்தையும் அவரிடமே கொடுத்துவிட்டது. அவர் தனியாக எடுக்கப்போகிற முதல் கல்யாணம் அது. அது நன்றாக அமைந்தால் படக்காரர் என்று பெயர் நிற்கும். இல்லாவிட்டால் மறுபடியும் குடை பிடிக்க வேண்டியதுதான். இதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

"தம்பி, எனக்கு ஏத்த பை இந்த ஊருல இருக்கா பாரு," என்றார். "நான் சேலை கட்டித்தான் படம் எடுப்பேன். கோயில் கல்யாணம். சிலுவாரு போட்டுப் போனா கெழவிங்க வாய் சும்மா இருக்காது."

சிலுவார் என்று எங்கள் ஊரில் கால்சட்டையைச் சொல்வோம். முதுகுப் பையை எடுத்துக் காட்டினேன்.

"வார் ரெண்டு பக்கமும் இழுத்தா மடிப்பு எல்லாம் கசங்கிடும் தம்பி. ஊக்கு தெறிச்சிடும்."

தோல் பையைக் காட்டினேன்.

"தோலு சாமிக்கிட்ட போகாதே. பூசாரி வெளிய நிக்கச் சொல்லிருவாரு. தாலி கட்டுற நேரத்துல நான் வெளிய நின்னா நல்லாவா இருக்கும்?"

சக்கரப் பை கோயில் சரளையில் உருளாது. இடுப்புப் பை கொசுவத்தின் மேல் உட்காராது. ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்துக்கொண்டே வந்தோம். எனக்கு உற்சாகமாகிவிட்டது. சேலைக்கு ஏற்ற கேமராப் பை... இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. ஒரு தோளில் குறுக்காகப் போடலாம், தோல் இல்லை, ஒரு கை சேலையைப் பிடித்திருக்க மறு கையால் கழற்றலாம். அந்தப் பதில் தட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

தவுக்கே அப்போது இரண்டடி தள்ளி ஒரு லென்சைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

இன்னும் ஒரு வாரம் பொறுங்கள் அக்கா, புதிதாக ஒன்று தருவிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது! நான் அந்தப் பையை எடுத்து அவர் தோளில் போட்டேன். நானே கிளிப்பை மாட்டினேன். இழுத்தும் காட்டினேன். அன்று அது பிடித்தது.

"எடுத்து முடிச்ச கார்டை எல்லாம் இந்த உள் ஜிப்புல போட்டுடுங்கக்கா," என்றும் சொன்னேன். "இதவிடப் பத்திரமான எடம் கெடையாது."

அவர் போனதும் தவுக்கே வெறுமையான தட்டைப் பார்த்தார். தலையை ஆட்டினார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கல்யாணம் கோப்பெங் தாண்டி, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்துக் கோயிலில் நடந்தது. மறுநாள் காலை, கடையைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அக்கா உள்ளே வந்தார். கண் வீங்கியிருந்தது. கையில் அந்தப் பையின் வார் மட்டும் இருந்தது.

நடந்ததை நின்றபடியே சொன்னார். தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, எல்லாரும் கிளம்புகிற நேரத்தில் மழை கொட்டியிருக்கிறது. கோயிலுக்கும் சாலைக்கும் நடுவே பெரிய லோங்காங். மழைத்தண்ணீர் போகிற அந்தக் கால்வாய் விளிம்புவரை ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு பலகை. அக்கா ஒரு கையில் கேமராவை முந்தானைக்குள் அணைத்துக்கொண்டு, மறு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலகையில் கால் வைத்திருக்கிறார். தோள் சட்டென்று லேசாகிப் போனதாம், வார் மட்டும் தோளில் கிடந்ததாம். திரும்பிப் பார்த்தால் பை தண்ணீரில் போய்க்கொண்டிருக்கிறது. கரையோடு ஓடியிருக்கிறார். சாலைக்கு அடியில் இருந்த குழாய்க்குள் அது நுழைந்துவிட்டது. ஆண்கள் கம்பு வைத்துத் துழாவியும் கிடைக்கவில்லை.

கேமரா தப்பியது. எடுத்து முடித்த கார்டுகள் எல்லாம் நான் சொன்ன அந்தப் பத்திரமான இடத்தில் இருந்தன.

இதோடு நின்றிருந்தால்கூட வேறு விஷயம். பெண்ணின் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு மணி நேர அனுமதியில் கூட்டிவந்திருந்தார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே மகளின் கையைப் பிடித்துத் தாரை வார்த்திருக்கிறார். அக்கா முன்னால் நின்று எடுத்ததால், படக்காரருக்கு மறைக்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் கைபேசியை இறக்கிக்கொண்டு ஒதுங்கியிருக்கிறார்கள். அந்த அப்பாவின் முகம் தெரிகிற படம் அக்காவிடம் மட்டும்தான் இருந்தது.

அக்கா வாரை என் கையில் கொடுத்தார்.

"நான் சரியா மாட்டலையா தம்பி? பாத்து சொல்லு. உண்மைய சொல்லு."

நான் பார்த்தேன். வெளுத்திருந்த அந்தப் பல் அடியோடு ஒடிந்து போயிருந்தது. அதற்கு மேல் பார்க்க எதுவுமில்லை. ஆனாலும் வெளிச்சத்தில் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தவுக்கே மேசையைவிட்டு எழுந்து எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார். முப்பது வருடம் தமிழர்களை வேலைக்கு வைத்திருந்தவர், நாங்கள் பேசுவது பாதியாவது அவருக்குப் புரியும்.

"ஒரு பக்கந்தான் மாட்டியிருக்குக்கா," என்றேன். "ஒரே பல்லுல கனம் முழுசும் நின்னா ஒடிஞ்சிடும். அவசரத்துல மாட்டுனா இப்படித்தான் ஆகும்."

பழுதான சாமானை விற்றதைக்கூட நீங்கள் ஒருவேளை மன்னித்துவிடலாம். இதை? கேட்டது ஒரு பெண், கேட்டது உண்மையை, கேட்டது என்னிடம். நான் எவ்வளவு தெளிவாக, எவ்வளவு தொழில் தெரிந்தவன் மாதிரி சொன்னேன் தெரியுமா...

அக்கா அழவில்லை. "அப்படித்தான் நெனச்சேன்," என்றார். தன் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கம்பெனிக்கு அனுப்பிக் கேட்கிறேன் என்று வாரை வாங்கி வைத்துக்கொண்டேன். அன்று மதியமே பின்பக்கக் குப்பைத் தொட்டியில் போட்டேன். மேலே பழைய அட்டைப் பெட்டிகளையும் மடித்துப் போட்டேன். யார் தேடப் போகிறார்கள்? இருந்தாலும் போட்டேன்.

ஒன்பதாம் நாள் பெண்ணின் அப்பா இறந்துபோனார். அக்கா துக்கத்துக்குப் போயிருக்கிறார். யாரும் திட்டவில்லை. பெண்ணின் அம்மா மட்டும், "ஒரு படங்கூடவா இல்ல?" என்று கேட்டாராம். "நான்தான் சரியா மாட்டல," என்று அக்கா அந்த வீட்டு வாசலில் நின்று, இருந்தவர்கள் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். என் பொய்யைத் தன் வாயால், தன் குற்றமாக...

அதற்குப் பிறகு அவர் கேமராவைத் தொடவில்லை. குடை பிடிக்கவும் யாரும் கூப்பிடவில்லை. குனோங் ராபாட்டில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கவும் செய்தேன். மனச்சாட்சி இரவெல்லாம் குத்தியது என்று எழுத ஆசைதான். அது எங்கே குத்தியது? பட்டப்பகலில், யாராவது ஒரு பையை மாட்டி இழுத்துப் பார்க்கிற நேரத்தில் மட்டும்தான் குத்தும்.

போன மாதம் அக்கா கடைக்கு வந்தார். கூடவே மகள் தர்ஷினி. கல்லூரியில் படப்பிடிப்புத் துறை படிக்கிறாளாம், பை வேண்டுமாம்.

"வேற கடைக்குப் போலாம்னா இவ. நான்தான் விடல," என்றார் அக்கா. "தம்பி எடுத்துக் குடுத்தா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்."

இருப்பதிலேயே உறுதியான பையை எடுத்தேன். இரும்புக் கொக்கி, இரட்டைத் தையல். வாரை அக்காவிடம் நீட்டி, "மாட்டிப் பாருங்கக்கா," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அக்கா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம் தம்பி. என் கை சரியில்ல. அவளே மாட்டட்டும்."

தவுக்கே ஓய்வு பெற்றுப் போய் இரண்டு வருடமாகிறது. கடையை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பயப்பட அங்கே ஒருவரும் இல்லை. வாயைத் திறந்தேன்.

"அக்கா, அன்னிக்கு அந்தப் பை..."

"அத விடு தம்பி." கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டார். "நான் செஞ்சதுக்கு நீ ஏன் சங்கடப்படுற? வேற யாரா இருந்தாலும் என் மனசு நோகக் கூடாதுன்னு ஒரு பொய்ய சொல்லி அனுப்பியிருப்பாங்க. நீ ஒருத்தன்தான் மொகத்துக்கு நேரா உண்மைய சொன்ன."

இப்போது சொல்லுங்கள், நான் என்ன செய்திருக்க வேண்டும்? உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த ஒரு மூச்சில் இந்த உலகத்தில் என்னை நல்லவன் என்று நம்புகிற ஒரு முகம் மாறிப்போகும். அவர் ஐந்து வருடமாக இழந்ததைத் திருப்பிக் கொடுப்பதைவிட, எனக்கு அந்த முகம் பெரிதாக இருந்தது. பையைத் துணியால் துடைத்து, உறைக்குள் போட்டு, தர்ஷினியிடம் கொடுத்தேன்.

"வாரேன் தம்பி," என்று அக்கா கிளம்பினார்.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். மோட்டார் வாசலுக்கு நேரே நின்றிருந்தது. அக்கா தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டார். ஆனால் அதன் வாரை மாட்டவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி தாடையை மேலே தூக்கிக்கொண்டு மகளுக்கு முன்னால் நின்றார். தர்ஷினி மாட்டிவிட்டாள். தினமும் செய்கிற வேலை என்பது அவள் கையைப் பார்த்தாலே தெரிந்தது. அக்கா ஏதோ சொன்னார். அவள் வாரைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். அக்கா மறுபடியும் சொன்னார். அவள் மறுபடியும் இழுத்துக் காட்டினாள்.

கதவைத் திறந்து போனால் பத்தடிகூட இருக்காது. உள்ளே ஒரு ஆள் காத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, அவருக்கு எந்த மாதிரி பை வேண்டும் என்று கேட்டேன்.