கண்காட்சிக்கு வந்த எல்லைக் கற்கள்

ஒரு நிலத்தை அளந்து கல் நடுவதற்கு முன், அதில் அக்கறையுள்ள எல்லோருக்கும் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது விதி. 'எல்லோருக்கும்' என்பதை எங்கள் அலுவலகம் நெடுங்காலமாகப் 'பட்டாதாருக்கு' என்றுதான் படித்து வந்தது. நானும் அப்படியே படித்தேன். பட்டாதாருக்கு முகவரி உண்டு, கையெழுத்து உண்டு. கோப்பு சுலபமாக முடியும்.

விவசாயத் தொழிலாளர் குடியிருக்கும் மனையை அவர்களுக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்த புதிது. நான் துணைத் தாசில்தார். நாகப்பட்டினம் பக்கம் ஒரு கிராமத்தில், மிராசுதார் ஒருவரின் நஞ்சையை ஒட்டி ஆறு குடிசைகள் ஒரே வரிசையில் இருந்தன. மிராசுதாருக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு, தை மாதத்தில் ஒரு நாள் சர்வேயரோடு போய் ஆறு மனைகளுக்கும் பதினான்கு கற்கள் நட்டேன். குடிசைகளில் ஆள் இல்லை. எல்லோரும் அறுவடையில் இருந்தார்கள். "அவங்ககிட்ட விவரம் சொல்லிடுங்க" என்று ஊர்த் தலையாரியிடம் சொன்ன ஞாபகம் இருக்கிறது. சொன்னாரா என்று பிறகு கேட்ட ஞாபகம் இல்லை.

மிராசுதார் அப்பீல் போட்டார். தரையில் அப்படித் தனித்தனி மனைகளே கிடையாது என்பது அவர் வாதம். சப்-கலெக்டர் பங்குனி கடைசியில் நேரில் வந்து கற்களைப் பார்த்துத் தீர்ப்பதாகச் சொல்லியிருந்தார். கற்கள் இருந்தால் ஆறு குடும்பத்துக்கும் பட்டா. அவ்வளவு எளிய விவகாரம் என் கைக்கு அபூர்வமாகத்தான் வரும்.

அந்தப் பங்குனியில்தான் மாவட்டத் தலைநகர் தஞ்சாவூரில் ஓவியக் கண்காட்சி. கலெக்டரை அழைத்திருந்தார்கள். மேலதிகாரிக்கு வரும் இத்தகைய அழைப்புகள் படிப்படியாகக் கீழே இறங்கும். இது என்னிடம் வந்து நின்றது. எனக்கு அடுத்தவர் லீவில் இருந்தார்.

கேலரி என்பது பழைய நெல் கிடங்கு. தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பத்து டிராயிங் டீச்சர் ஒருவர் அதை வாடகைக்கு எடுத்து, வெள்ளையடித்து, விளக்குப் போட்டிருந்தார். ஓவியம் படித்த எட்டு இளைஞர்களின் வேலைகள் இருந்தன. கிடங்குக்குச் சொந்தக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் ஆறு மனைகளின் மிராசுதார்தான் அவர். எழுந்து கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

ரிப்பனை வெட்டியதும் டீச்சர் என்னை ஒவ்வொரு படமாக அழைத்துப் போனார். முதல் படம் முழுக்க நீலம். கீழே 'காவிரி' என்று அட்டை. அவ்வளவு நீலத்தை நான் காவிரியில் எந்தப் பசலி ஆண்டிலும் பார்த்ததில்லை. "ஆழமா இருக்கு" என்றேன். அடுத்த சுவரில் கரிக்கோட்டில் எருமைகள். அவை எருமைகளாகவே இருந்ததில் எனக்கு நிம்மதி.

"இதுதாங்க சார் இந்தத் தடவை எல்லாரும் பேசப் போறது" என்று டீச்சர் நடுக்கூடத்துக்குக் கூட்டிப் போனார்.

கருங்கற்களை அடுக்கி இரும்புக் கம்பியால் கட்டிய உருவம். குனிந்து நாற்று நடும் பெண். முகம் கிடையாது, ஆனால் இடுப்பு வலி தெரிந்தது. நல்ல வேலை என்று நினைத்தேன். வாய் திறந்து அதைச் சொல்லும்போதுதான் முதுகுக் கல்லைப் பார்த்தேன். அதில் உளியால் வெட்டிய அம்புக்குறி. பக்கத்தில் ஏழு என்ற எண். தோளில் நாலு. முழங்காலில் பதினொன்று. எண்களை வெட்டும்போது பக்கத்தில் நின்று சரிபார்த்தவன் நான். பதினான்கையும் எண்ணி முடித்தேன். போட்டிருந்த மாலையைக் கழற்றி டீச்சரிடம் கொடுத்தேன். ஏன் என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

கண்காட்சிகளில் ஒவ்வொன்றுக்கும் கீழே அட்டை வைப்பார்கள். செய்தவர் பெயர், ஊர், எதனால் செய்தது என்று. மிராசுதார் எனக்குப் பின்னாலிருந்து அதை உரக்கப் படித்தார்.

"பொருள்: எங்கள் தெருவில் பிடுங்கிய கற்கள்." நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "பாத்தீங்களா சார். வாக்குமூலம் வாங்க நாம ஸ்டேஷனுக்கு அலையுறோம். இங்க அச்சடிச்சே வச்சிருக்கான்."

திறப்பு விழாவுக்கு வந்திருந்த போட்டோக்காரரைக் கூப்பிட்டார். "இத ஒண்ணு எடுங்க. அட்டையும் சேர்ந்து விழணும்."

சிற்பியைத் தனியே அழைத்தேன். இருபத்திரண்டு வயதிருக்கும். அந்த ஆறு குடிசைகளில் ஒன்றில் பிறந்து, கலைப் படிப்புவரை வந்தவர்.

"இந்தக் கல்லை ஏன் எடுத்தீங்க?"

"மிராசு நட்ட கல்லு சார். ஏன் எடுக்கக் கூடாது?"

"நட்டது நான்."

"அவரு நட்டா என்ன, நீங்க நட்டா என்ன. ஜீப்பு அவரு வீட்டு வாசல்லதானே நின்னுச்சு."

உண்மை. காபியும் அங்கேதான் குடித்தோம்.

"உங்களுக்குப் பட்டா கொடுக்க நட்ட கல்லுய்யா அது."

அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்தபின் சிரிப்பு நின்றது. "அப்பா" என்று வாசல் பக்கம் கூப்பிட்டார். வெளுத்த வேட்டியில் ஒருவர் உள்ளே வராமல் நின்றிருந்தார். மகன் செய்ததைப் பார்க்க ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தவர்.

"எங்களுக்கு என்னங்க தெரியும்" என்றார் அவர். "எங்கப்பன் காலத்துல மிராசு தெருவுல ரெண்டு கல்லு நட்டாங்க. ரெண்டு வூடு போச்சு. எனக்குக் கல்யாணமான வருசம் ஒரு கல்லு. ஒரு வூடு போச்சு. இந்தத் தடவ பதினாலுங்க. ஆறு வூட்டு ஆளுவளும் சேந்துதான் புடுங்கினோம். நாத்துப் புடுங்குற கைதானேங்க."

"எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே."

"நீங்க சொல்லியிருக்கலாமே சார்" என்றார் மகன். குரலை உயர்த்தவில்லை.

தகப்பனார் சிலையைப் பார்த்தார், பிறகு என்னை. "அப்ப எங்க வூடுங்க?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டம் தெரியும். எல்லைக் கல்லைப் பிடுங்குவது குற்றம். பிடுங்கியவர்களே திரும்ப நட்டால் அது கல் நட்டதாகாது. வெறும் குழி மூடியதாகும். சர்வே அலுவலகம் அனுமதித்து, சர்வேயர் மறுபடி அளந்து நட்டால்தான் கணக்கு. இதெல்லாம் வரிசையாக மனதில் ஓடியது. அவருக்குச் சொல்லக்கூடியதாக அதில் ஒரு வரியும் இல்லை.

மறுபடி நடக் கற்கள் வேண்டும் என்பதால், மறுநாள் கண்காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே சிலையை அவிழ்த்தார்கள். சிற்பியே கம்பிகளை வெட்டினார். டீச்சர் காலி இடத்தில் அட்டையை மட்டும் விட்டுவைக்கலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். கற்கள் வைக்கோல் ஏற்ற வந்த லாரியில் ஊர் திரும்பின.

நான் அன்றே சர்வே அலுவலகத்துக்கு எழுதினேன். குடியிருப்போருக்கு அறிவிப்புக் கொடுக்காதது என் தவறு, அதனால்தான் கற்கள் அகற்றப்பட்டன, வழக்குத் தேவையில்லை, உடனே மறு அளவை வேண்டும் என்று. முதல் வரிக்கு மட்டும் ஒரு வாரத்தில் பதில் வந்தது: விளக்கம் கேட்டு ஒரு மெமோ. மறு அளவையைப் பற்றி அதில் பேச்சில்லை.

போட்டோ சப்-கலெக்டர் மேசைக்குப் போயிற்று. கல் இல்லாத இடத்தைப் பார்த்து என்ன தீர்ப்பது என்று அவர் விசாரணையைத் தள்ளிவைத்தார், மறு அளவை முடியும்வரை. நான் நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். நினைவூட்டுக்கு நினைவூட்டு எழுதினேன். இரண்டாவது கோடையில் மிராசுதார் வரிசையின் கிழக்கு ஓரத்தில் ஏர் ஓட்டினார். இரண்டு குடும்பங்கள் வாய்க்கால் கரைக்குப் போயின. ஒன்று சிற்பியின் குடும்பம். நான் போய்ப் பார்த்தபோது தகப்பனார் கீற்று முடைந்துகொண்டிருந்தார். "வாங்க" என்றார். கீற்றுகளை ஒதுக்கி எனக்கு உட்கார இடம் விட்டார்.

ஒருவழியாக அனுமதி வந்தது. கற்களை மீண்டும் நடலாம் என்று ஒரே வரி. நாலு மனைகளுக்கு அது உதவியது, பட்டாவும் கிடைத்தது. மற்ற இரண்டு மனைகளில் அதற்குள் குறுவை நடவாகி முழங்கால் உயரம் வந்துவிட்டது. பயிர் நிற்கும் நஞ்சையைக் குடிமனை என்று அளக்க எந்தச் சட்டத்திலும் எனக்கு வழி கிடைக்கவில்லை, தேடாமல் சொல்லவில்லை. அந்த அனுமதிக் கடிதத்தின் மேல் எங்கள் தபால் குமாஸ்தா குத்திய முத்திரை இன்னும் கண்ணில் நிற்கிறது. கண்காட்சி நடந்து மூன்றாவது ஆண்டு, ஆடி மாதம் பதினெட்டாம் தேதி.