டொபோகனுக்கு ஜெயமலர் சொன்ன பொருள்

ஜெர்மனியின் வின்டர்பெர்க் மலையடிவாரத்தில் பனிச்சறுக்கு வண்டிகளை வாடகைக்கு விடும் கடையொன்றில் ஜெயமலருக்கு இது பதினெட்டாவது குளிர்காலம். அதற்கு முன் ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்தவர். யாருக்கு எந்த வண்டி சரிவரும் என்று ஆளைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார். தமிழ்க் குடும்பங்கள் அவரைத் தேடித்தான் வரும்.

டிசம்பரில் கஜந்தி வேலைக்குச் சேர்ந்தாள். மொன்றியலில் வளர்ந்து, கலியாணமாகி ஜெர்மனிக்கு வந்தவள். சுவரில் ஒரு பழைய வண்டி தொங்கியது. வெறும் தட்டைப் பலகை. முன்பக்கம் மட்டும் மேலே சுருண்டிருக்கும். அதன் பெயர் டொபோகன் என்றும், அது கனடாவின் பூர்வகுடிகளான மிக்மாக் மக்களின் சொல் என்றும், பனியில் சுமை ஏற்றி இழுப்பதற்கானது என்றும் அவள் முதலாளியம்மாவுக்கு விளக்கினாள். முதலாளியம்மா அதை எழுதித் தரச் சொன்னார், சட்டம் போட்டு மாட்டுவதற்கு.

ஆண்டுதோறும் அந்தப் பலகைக்கு எண்ணெய் பூசியது ஜெயமலர். அவரிடம் யாரும் எதையும் எழுதித் தரக் கேட்டதில்லை. அன்று முழுக்க வயிறு எரிந்தது.

சனிக்கிழமை குடும்பத்தோடு வந்த வாடிக்கையாளர் சிற்றம்பலம், சுவரில் தொங்குவது என்னவென்று ஜெயமலரிடம் கேட்டார்.

"டொபோகன், அண்ணை. எங்கட சொல்தான். தொப்பெண்டு விழுறபடியால் அந்தப் பேர். வெள்ளைக்காரன் மாத்திப்போட்டான்."

சிற்றம்பலம் அதைக் கைபேசியில் படமெடுத்து, ஜெயமலர் சொன்ன விளக்கத்தையும் சேர்த்துப் பலருக்கும் அனுப்பினார். டோர்ட்முண்ட் நகரிலிருந்துகூட ஆட்கள் அழைத்துப் பாராட்டினார்கள். இரண்டு நாள் ஜெயமலருக்குக் கால் நிலத்தில் படவில்லை.

மூன்றாம் நாள் கஜந்தி அந்தப் படத்தோடு வந்தாள்.

"சும்மா பகிடிக்குச் சொன்னனான்," என்றார் ஜெயமலர்.

"ஒருத்தரும் பகிடியெண்டு நினைக்கேல்லையே அக்கா. அந்தச் சனத்தின்ர நிலம் போயிட்டுது. பள்ளிக்கூடத்தில அவையின்ர பாசை கதைச்சால் அடி விழுந்தது. மிஞ்சின சொல்லையும் நாங்களோ எடுக்கிறது?"

மாலையில் ஜெயமலர் சிற்றம்பலத்தைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, நான் சொன்னது பொய். எரிச்சலில சொல்லிப்போட்டன்."

"எரிச்சலோ? ஆரோட?"

"புதுசா வந்த பிள்ளையோட."

சிற்றம்பலம் மறுப்பையும் அனுப்பினார். அதை யாரும் பாராட்டவில்லை.

அடுத்த வாரம் கஜந்தி எழுதியது அவள் பெயரோடு சுவரேறியது. ஆணி அடிக்கும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டது ஜெயமலர்தான். எல்லோரும் போன பிறகு, ஒரு பிழையாவது இருக்கும் என்று இரண்டு தரம் வாசித்தார். ஒன்றும் அகப்படவில்லை.