ஆட்டோக்காரர் சாப்பிடும் கடை

ஆபரேஷனுக்குப் பிறகு நான்கு மாதமாக என் மனைவிக்குச் சாப்பாடே பிடிக்கவில்லை. டெல்லி மயூர் விஹார் வீட்டில் நான் எதைச் சமைத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. ஒரு மாறுதலுக்காகத்தான் புதுச்சேரிக்குப் போனோம்.

கடற்கரைச் சாலையில் எங்கு பார்த்தாலும் பீட்சாவும் பாஸ்தாவும்தான். இரண்டு நாளும் அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். மூன்றாம் நாள் ஆட்டோக்காரரிடம் அவளே கேட்டாள்: "பையா, நீங்க எங்கே சாப்பிடுவீங்க?"

அண்ணன் என்ற பொருளில் டெல்லிப் பழக்கத்தில் வந்த 'பையா'வைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார். "அது சின்ன இடம்மா, பரவாயில்லையா?"

மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு வீட்டின் முன்னறையில் நான்கு மேஜைகள். சமைத்த அம்மாவே பரிமாறினார். சங்கரா மீன் குழம்பைப் பிசைந்து சாப்பிட்ட என் மனைவி, இலையிலிருந்து நிமிராமலே, "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க" என்றாள்.

என் கை அப்படியே நின்றுவிட்டது.

"சாருக்குப் பிடிக்கலையா?" என்று அந்த அம்மா கவலையாகக் கேட்டார்.

"அவர் எப்பவுமே மெதுவாத்தான் சாப்பிடுவார்" என்று சொல்லி, முள் எடுத்த ஒரு துண்டை அவள் என் இலையில் வைத்தாள்.

மீதி நான்கு நாளும் மதியம் அங்கேதான் சாப்பிட்டோம்.