அரை மில்லிமீட்டர் இடம்

போர்வெல் மோட்டாருக்கான டைமர் போர்டு அது. திருவண்ணாமலையில் ஒரு சின்னப் பட்டறைக்காக நான் கணினியில் வரைந்து கொடுத்தேன். மின்சாரம் ஓடும் செம்புத் தடங்களுக்கு நடுவே மிஞ்சும் வெற்றிடத்தையெல்லாம் மென்பொருளே செம்பால் நிரப்பிவிடும். அந்தச் செம்பு மற்றவற்றை விட்டு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று மட்டும் நாம் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. மென்பொருள் தானாக வைத்திருந்த 0.2 மில்லிமீட்டரை அப்படியே விட்டுவிட்டேன்.

வந்த போர்டுகளில் பாதிக்கு மேல் ஷார்ட். பட்டறை முதலாளி போனில் கத்தினார். எனக்கு மட்டும் கோபம் வராதா?

"டிசைன்ல ஒண்ணும் இல்லீங்க. சால்டரிங் சரியில்ல, வேற ஆளப் பாருங்க" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அங்கே ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் அந்த வேலையைச் செய்யும் அக்காவை நான் பார்த்ததுகூட இல்லை.

மறுநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் என்று பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த அந்த அக்கா, கூட்டத்தில் நடந்தே என் வீட்டுக்கு வந்து நின்றார். கையில் இரண்டு போர்டு, ஒரு பூதக்கண்ணாடி.

"மேடம், மொதலாளி என்னை நாளையில இருந்து வர வேணாம்னுட்டாரு. எட்டு வருசமா இதே வேல. நீங்களே பாருங்க, எடமே வுடாம வரைஞ்சா ஈயம் எங்கதான் போவும்?"

பார்த்தேன். சுருக்கென்றது. செலவு கம்மி என்று, ஈயம் ஒட்டாமல் தடுக்கும் பச்சைப் பூச்சில்லாத போர்டு வாங்கியிருந்தார் முதலாளி. அது எனக்குத் தெரியும். பூச்சில்லாத போர்டில் ஈயம் துளி பரவினாலே பக்கத்துச் செம்பைத் தொட்டுவிடும். அக்காவின் வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இடைவெளியை 0.5 என்று மாற்றினேன். திரையில் செம்பு விலகியது.

"இவ்ளோ போதுமாக்கா?"

"அந்த மூலைல மட்டும் இன்னும் கொஞ்சம் தள்ளுங்க. அங்கதான் சால்டரிங் இரும்போட நுனி இடிக்கும்."

தள்ளினேன். அவர் எதிரிலேயே முதலாளிக்குப் போன் போட்டேன். "தப்பு என்னுதுங்க. அக்கா மேல ஒண்ணும் இல்ல" என்றேன். நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில், "சரி, ரெண்டு பேரும் சேந்து சரி பண்ணுங்க. அந்தம்மாவ நாளைக்கு வரச் சொல்லு" என்றார்.

"நேரா அவருகிட்டயே காட்டியிருக்கலாமேக்கா? எதுக்கு இவ்ளோ தூரம் நடந்தீங்க?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்களா சொன்னா திட்டோட வுட்டுடுவாரு. நான் போய்க் காட்டினா உங்கள நிறுத்திடுவாரு மேடம். அதான் மொதல்ல இங்க வந்தேன்."

அந்தப் பட்டறையின் வேலை இன்றும் என்னிடம்தான் இருக்கிறது, அந்த அக்காவின் புண்ணியத்தில்.