நாத்தனார் வளர்த்த சிப்பிப்பாறை

என் வீட்டுக்காரர் சிதம்பரம் போய் வருகிறேன் என்று கிளம்பினால் கோயிலுக்குப் போகிறார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே அவருடைய தங்கை இருக்கிறாள். அவளுக்கும் அறுபது ஆகிவிட்டது. இன்னும் அவருக்கு அவள் பாப்பாதான். இங்கே முதுநகரில் துறைமுகத்துப் பக்கமே குடியிருக்கிறோம். நல்ல கொடுவா மீன் கண்ணில் பட்டால் ஐஸ் போட்டுக் கட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறிவிடுவார். அன்றைக்கு எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை என்று கல்யாணமான நாளிலிருந்து எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் அப்படி எழுத வரவில்லை.

அவள் என்னைவிட இளையவள். ஆனாலும் நேரில் பார்த்தால் எனக்கு வாங்க போங்க என்றுதான் வாயில் வரும். அவள் பத்தாவது படித்தவள், பேங்குக்குத் தனியாகப் போய் வருபவள். நான் ஐந்தாவதோடு நின்றவள். யாராவது நாலு பேர் கூடினால் அடுப்படிக்குள் போய்விடுவேன். எழுத்தில் என்னைப் பார்ப்பவர் யாரும் இல்லை என்பதால் அவள் என்றே எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு நாள் சிதம்பரம் போனவர், சாயந்திரம் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். பின்னால் அவருடைய துண்டால் கட்டிய ஒரு நாய் நின்றது. செவலை நிறம். நீட்டு மூக்கு. கால்கள் நாற்காலிக் கால் மாதிரி மெல்லிசாக, உயரமாக இருந்தன. இடுப்பு என் கைக்குள் அடங்கிவிடும் போலிருந்தது. சிப்பிப்பாறை நாய், தெற்கே முயல் வேட்டைக்கு வளர்க்கிற சாதி என்றார். நாத்தனாருடைய மகன் அதைக் குட்டியாக வாங்கிக் கொடுத்துவிட்டுத் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டான். அவள் தனியாக மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். நாய்க்கு ஒரு வயது ஆவதற்குள்ளேயே அது கீழே இறங்கி வீட்டுச் சொந்தக்காரரின் கோழிகளைத் துரத்த ஆரம்பித்ததால், நாயை வைத்துக்கொண்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"பாப்பா அழுவுது. நாமதான் வெச்சிக்கணும்" என்றார்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் தலையைத்தான் ஆட்டியிருப்பேன். அது வேறு விஷயம்.

எனக்கு நாய் என்றால் பயம். முதல் வாரம் முழுக்க நான் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சமைத்தேன். அது ஒரு இடத்தில் நிற்காது. மாடிப்படியில் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். கொடியில் காய்ந்த போர்வையை இழுத்துக்கொண்டு வாசலெல்லாம் சுற்றும். காக்காய் வந்து மதில்மேல் உட்கார்ந்தால் போதும், நின்ற இடத்திலிருந்தே எகிறும். ஒரு நாள் தோட்டத்துப் பக்கம் பெருச்சாளி ஒன்றைப் பிடித்துக் கொண்டுவந்து என் வீட்டுக்காரர் காலடியில் வைத்தது. அவர் அதன் தலையைத் தடவித் தடவி, நீ பாப்பா பிள்ளை அல்லவா என்று கொஞ்சினார். அந்த இடத்தைப் பினாயில் போட்டுக் கழுவினவள் நான்.

சாயந்திரமானால் நாத்தனார் வீடியோ காலில் வந்துவிடுவாள். அவர் போனை நாயின் முகத்துக்கு நேரே பிடிப்பார். அவள் குரல் கேட்டதும் அதன் காது இரண்டும் தூக்கிக்கொள்ளும். போனுக்குப் பின்னால் போய்ப் பார்க்கும். அவர் முதுகுக்குப் பின்னால் தேடும். பிறகு வாசலுக்கு ஓடித் தெருவைப் பார்க்கும். அவள் அங்கே அழுவாள், இவர் இங்கே மூக்கை உறிஞ்சுவார். எனக்கும் அவள் சொல்ல வேண்டியதைச் சொல்வாள். சோறு கொஞ்சமாக வைக்க வேண்டும், முட்டை ஒன்றுக்கு மேல் கூடாது, காலையில் நன்றாக ஓட விட வேண்டும். நான் சரிங்க சரிங்க என்பேன். அவர் போனை என் பக்கம் திருப்பினால் புடவைத் தலைப்பால் பாதி முகத்தை மூடிக்கொள்வேன்.

ஆனால் அவள் சொன்னபடி செய்ய முடியாமல் தெருவே என்னைத் தடுத்தது. அந்தச் சாதி நாய்க்கு விலா எலும்பு வெளியே தெரியும். எங்கள் தெருவில் யாருக்கும் அது தெரியாது. மீன்கூடை இறக்கி வைக்கிற அம்மா ஒரு நாள் அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்மா, வாயில்லா ஜீவன். சோறு போடக்கூட முடியலியா? எலும்பு எல்லாம் எண்ணலாம் போல கெடக்கு."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. என் கையால் சாப்பிட்ட எவரும் அரை வயிற்றோடு எழுந்ததில்லை. அதைத் தவிர எனக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. சிதம்பரத்துக்காரியின் சொல்லுக்காக எங்கள் தெருவில் நான் பஞ்சத்துக்காரி ஆக வேண்டுமா என்று தோன்றியது. அன்றைக்கே அந்த மீன்காரம்மாவிடம் கவலை மீன் வாங்கி, அவித்து, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து வைத்தேன். நாய் தட்டை நக்கியது. பிறகு முதல் தடவையாக என் கையை நக்கியது.

அந்த ஈரம் கையில் பட்ட பிறகு என்னை நிறுத்த முடியவில்லை. காலையில் பால் சோறு. மத்தியானம் மீனோ கோழிக்காலோ. சாயந்திரம் சரியாக நாத்தனார் போன் வருகிற நேரமாகப் பார்த்து நெய் போட்ட சோறு. போனில் அவள் கூப்பிடக் கூப்பிட, அது ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் தூக்கிவிட்டுத் தட்டிலேயே இருக்கும். கொஞ்ச நாளில் நான் எங்கே போனாலும் பின்னாலேயே வர ஆரம்பித்தது. கிணற்றடியில் நின்றால் அங்கே, பூஜை மாடத்துக்கு விளக்கேற்றப் போனால் அங்கே. அடுப்படிக் கதவைச் சாத்துவதை விட்டுவிட்டேன். பயம் எப்போது போனது என்று தெரியவில்லை. என் பின்னால் ஒரு ஜீவன் நடந்து வருவது அவ்வளவு நன்றாக இருந்தது. அவருக்குச் சிரிப்பாக இருந்தது. பாப்பாவிடம் போனில், உன் நாய் கட்சி மாறிவிட்டது என்றார். அவள் அன்றைக்குச் சீக்கிரம் போனை வைத்துவிட்டாள். எனக்கு அன்று சோறு நன்றாக இறங்கியது.

பொங்கல் தாண்டியபோது அதற்கு இடுப்பு என்று ஒன்று இல்லை. மாடிப்படியில் பாதி ஏறி உட்கார்ந்துவிடும். ஒரு காலை நொண்ட ஆரம்பித்ததும் அவர் பயந்துபோய்க் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நானும் போனேன். டாக்டரம்மா அதன் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, யார் சோறு வைக்கிறது என்று கேட்டார்கள். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"இது ஓடறதுக்குன்னே பொறந்த நாய்ம்மா. நீங்க கறவை மாட்டுக்கு வைக்கிற மாதிரி வெச்சிருக்கீங்க. கால் எப்புடித் தாங்கும்? சோத்தக் கொறைங்க. தெனமும் ஓட விடுங்க."

நாத்தனார் சொன்னதையே அவர்களும் சொன்னார்கள். அதுதான் எனக்கு அந்த நொண்டலைவிட அதிகம் வலித்தது. வீட்டுக்கு வந்து, இதைப் பாப்பாவிடம் சொல்லாதீர்கள் என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டேன். தெரிந்தால் அன்றைக்கே வந்து கூட்டிப் போய்விடுவாள். சொல்ல மாட்டேன் என்றார்.

அவருக்கு முட்டி வலி. அதோடு ஓட முடியாது. நான்தான் போக வேண்டியிருந்தது. கடைக்குக்கூட ஆள் அனுப்பி வாங்குகிற நான், விடிந்தும் விடியாமலும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தேன். வாசல் தெளிக்கிறவர்கள் எல்லாம் வாளியோடு நின்று பார்த்தார்கள். யார் யாரைக் கூட்டிப் போகிறார்கள் என்று ஒருத்தி கேட்டாள். கேட்கட்டும் என்று குனிந்தபடியே போனேன். என்னை நடக்க வைத்தது நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். அவள் கைக்கு அதை விடக் கூடாது என்ற எண்ணம்தான்.

உப்பனாற்றுப் பக்கம் ஒரு காலி இடம் உண்டு. அங்கே கொண்டுபோய்ச் சங்கிலியை அவிழ்ப்பேன். முதலில் கொஞ்ச தூரம் ஓடி, மூச்சு வாங்கித் திரும்பி வரும். கோடை ஆரம்பிக்கிற நேரத்தில் நொண்டல் போனது. வயிறு உள்ளே ஒட்டியது. அப்புறம் ஒரு நாள் காலையில், எங்கிருந்தோ ஒரு கொக்கு தாழப் பறந்தது. அதைப் பார்த்துக் கிளம்பியது பாருங்கள், அன்றைக்குத்தான் அந்த நாய் ஓடி நான் பார்த்தேன். முன்னங்காலும் பின்னங்காலும் வயிற்றுக்கடியில் ஒன்றாகச் சேர்ந்து பிரிந்தன. கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை. கொக்கு எப்போதோ போய்விட்டது. நாய் தன் பாட்டுக்கு வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஓடும்போது அதற்கு என் நினைப்பும் இல்லை, அவள் நினைப்பும் இல்லை என்று தெரிந்தது. அந்த ஓட்டத்தின் மேல்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது.

மறுபடியும் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. மீன்காரம்மா வாயைத் திறப்பதற்கு முன்னால், இது அப்படித்தான் இருக்கும் என்று நானே சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனாருக்கு வேறு வீடு கிடைத்தது. கீழ் வீடு, பின்னால் தோட்டம், நாய்க்குத் தடையில்லை. எனக்கு இது தெரியாது. ஒரு காலையில் அவள் பஸ்ஸில் வந்து இறங்கியபோதுதான் தெரிந்தது. வாசல் கேட்டைத் திறந்தாள். என் காலடியில் படுத்திருந்த நாய், நான் ஆள் யாரென்று பார்ப்பதற்குள் அவள் தோள்மேல் இருந்தது. அவள் கீழே விழுந்தாள். விழுந்தபடியே சிரித்தாள், அழுதாள். அது அவள் கம்மலை நக்கியது, மூக்கை நக்கியது, குழந்தை மாதிரிக் கத்தியது. அப்படி ஒரு சத்தம் அதனிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

அவர் உள்ளேயிருந்து ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தார். அதில் நாயின் தட்டு, சங்கிலி, போர்வை எல்லாம் இருந்தன. எனக்குத் தெரியாமல் கட்டி வைத்திருக்கிறார்.

"பாப்பா நேத்து போன்ல கேட்டுது. சரின்னுட்டேன்" என்றார்.

நான் காபி போட உள்ளே போனேன். பால் பொங்கி வழிந்ததை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தம்ளரைக் கொண்டுவந்து கொடுக்கும்போது சொன்னேன்.

"நான் சரின்னு சொல்லலியே."

"என்னா?" என்றார். வேண்டுமென்று கேட்கவில்லை. என் பேச்சு அவருக்குக் கேட்கவே இல்லை. முதல் தடவை சொன்னது சுலபம். இரண்டாம் தடவை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் சரின்னு சொல்லலங்க. அது இங்கயே இருக்கட்டும். எனக்கு வேணும்."

நாத்தனார் சிரித்தாள். "என்னா அண்ணி, நாயக் கண்டாலே கதவ சாத்திக்குவீங்க. நான் புட்டிப்பால் குடுத்து வளத்தது இது."

"நீங்க வளத்ததுதாங்க. இல்லன்னு சொல்லல. உங்களப் பாத்தா அது எப்புடிக் குதிக்குதுன்னு நானுந்தான் பாத்தேன். எனக்கு ஒருநாளும் அப்புடிக் குதிச்சதில்ல. அப்பவும் எனக்கு வேணும்."

அவர் என் முகத்தையும் தங்கை முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் காபியைக் குடிக்காமல் வைத்திருந்தாள். சிரிப்பு போய்விட்டது.

"அங்க எனக்கு மட்டும் யாரு இருக்கா அண்ணி?" என்றாள்.

அண்ணனின் பாசம், கொடுவா மீன், படிப்பு, பேச்சு என்று அவளிடம் இருந்ததை எல்லாம் பார்த்து வயிறு எரிந்தவள் நான். இல்லாததை ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அதற்காக, கூட்டிப் போங்கள் என்று என் வாயில் வரவும் இல்லை.

அவள் நாயின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். விலா எலும்பு ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"எங்கம்மா சாவப் போற நேரத்துல உங்களக் கூப்புட்டு, என்னா வேணும் சொல்லுன்னு கேட்டுது. நீங்க தலைய ஆட்டிட்டு உள்ள போயிட்டீங்க. நீங்க வாயத் தொறந்து ஒண்ணு கேட்டு இன்னிக்குத்தான் பாக்கறேன். வெச்சிக்குங்க. ஆனா ஒண்ணு, தின்ன வெச்சே கொன்னுடாதீங்க. எல்லாம் எனக்குத் தெரியும்."

அவர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். சொல்லியிருக்கிறார்.

வெறுங்கையோடு பஸ் ஏறினாள். நாய் கேட்டில் மூக்கை வைத்துப் படுத்தது. சோறு வைத்தேன், திரும்பவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், அதற்கும் திரும்பவில்லை. நான் கேட்டு வாங்கிவிட்டேன். நாயிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாளும் தட்டு அப்படியே இருந்ததும், நானே அவரிடம் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை லோடு ஆட்டோவை வரச் சொல்லுங்கள், சிதம்பரம் போகலாம் என்று.

அதிலிருந்து ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு போய் வருகிறோம். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நாயுமாகப் போவதைப் பார்த்து டிரைவர் சிரிப்பார். அவள் தெரு முனை வந்ததுமே நாய் எழுந்து நின்று நடுங்கும். நான் சங்கிலியை விட்டுவிடுவேன், பிடித்திருக்க முடியாது. அவள் அளந்து அளந்து சோறு வைப்பதைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்வேன். பேச்சும் இப்போது கொஞ்சம் வருகிறது எங்களுக்குள். பெரும்பாலும் அதன் கால், அதன் காது, அதன் வயிறு பற்றித்தான்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். திரும்பும்போது நான் எத்தனை கூப்பிட்டாலும் அது வண்டியில் ஏறாது. அவள் வந்து அதன் முன்னங்காலைத் தூக்கி வைத்து, பின்னாலிருந்து தள்ளி, போய்விட்டு வா என்று சொன்னால்தான் ஏறும். அந்த நேரம் மட்டும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.