மூடுபனிக்கு ஒப்புதல்

போன வாரம் வலியசாலைத் தெருவில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் குடும்பத்திலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. ஓரத்தில் மஞ்சள் தடவிய காகிதம் இல்லை, கைபேசியில் ஒரு லிங்க். தொட்டேன். திரையின் மேலிருந்து மல்லிகைப் பூக்கள் உதிர ஆரம்பித்தன. உதிர்ந்தவை கீழே போய்ச் சேராமல் முகூர்த்த நேரத்தின் மேல் குவிந்து நின்றன. ஒன்பதரையா பத்தரையா என்று தெரியவில்லை. கல்யாணப் பிள்ளையின் அண்ணாவிடம் நேரிலேயே போய்க் கேட்டேன். "பூ நின்னப்புறம் தெரியும் மாமா" என்றான். பூ நிற்கவேயில்லை.

இப்படிப்பட்ட பக்கங்களைக் கட்டும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே பூவை ரசிக்காமல், பக்கத்தைக் கணினியில் திறந்து உள்ளே இருக்கும் நிரலைப் பார்த்தேன். கல்யாண வீட்டுக்குப் போன தையற்காரர் மாப்பிள்ளைச் சட்டையின் உள்தையலைப் புரட்டிப் பார்ப்பது போன்ற அநாகரிகம்தான், ஆனால் விரல் கேட்பதில்லை. பூ எப்போது நிற்க வேண்டும் என்ற வரியை எழுதியவர் மறந்திருந்தார். வெளியிடுமுன் யாரும் சரிபார்க்கவில்லை. இந்த 'சரிபார்க்கவில்லை' என்ற சொல் மனசில் வந்ததும் பூவை மறந்துவிட்டேன். அன்று முழுக்க செல்வராணிதான் நினைவில் இருந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கழக்கூட்டத்தில் இருக்கும் கணினி வளாகத்தில் ஒரு நடுத்தர நிறுவனத்தில் ஃபிரண்ட் எண்ட் வேலை பார்த்தேன். இணையப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற பகுதியைக் கட்டும் வேலை. எங்கள் தெருவில் இதை விளக்கப் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். "கம்ப்யூட்டருக்கு முன்னாடி உட்கார்ற வேலைங்கறேள். அப்போ பின்னாடி உட்கார்றவாளும் இருக்காளோ?" என்று கேட்டார் எதிர்வீட்டு மாமா. இருந்தார்கள். அவர்களுக்குச் சம்பளமும் கூடுதல்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் பக்கத்தில் ஒரு படத்தைச் சற்று வலப்புறம் நகர்த்த வேண்டுமானால் ஒரே ஒரு புள்ளி அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு படத்தை நடுவில் வைத்து, அதை இழுத்து நீட்டித் தள்ளுவோம். நாள் முழுவதும் தெரியாத படங்களை அடுக்குவதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். நானும் அப்போது விளையாட்டுப் பிள்ளைதான். சுட்டெலி போகும் இடமெல்லாம் ஒரு கடிகாரத்தின் எண்கள் வாலாட்டிக்கொண்டு பின்னால் ஓடி வரும்படி ஒன்று செய்தேன். அலுவலகமே என் மேசையைச் சுற்றி நின்று பார்த்தது. மணி மட்டும் யாராலும் பார்க்க முடியவில்லை. அந்தக் கல்யாணப் பூவுக்கு நான் ஒரு வகையில் பாட்டன்.

பிறகு எனக்கு ஒழுங்கு வந்துவிட்டது. மாற்றக் கோரிக்கைப் படிவம், மறுஆய்வுக் குறிப்பு, வெளியீட்டுப் பட்டியல் என்று எங்கள் பிரிவின் நடைமுறைக் கையேடு முழுவதையும் நானே எழுதினேன். நாற்பது பக்கம். அதன் ஏழாவது பக்கத்தில் இருக்கும் ஒரு வரியைப் பற்றி எனக்கு அப்போது பெருமையே உண்டு. 'வாய்மொழியாகத் தரப்படும் ஒப்புதல் ஒப்புதல் ஆகாது.' ஆங்கிலத்தில் இன்னும் கம்பீரமாக இருக்கும்.

செல்வராணி மலைமேல் இருக்கும் போனக்காட்டுப் பெண். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர்களின் மகள். பாலிடெக்னிக் படித்து, பிறகு தபாலில் படித்து, எங்களிடம் வரும்போது முப்பது வயது. நிரந்தர வேலை இல்லை, ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்தம். தோட்டம் மூடிக் கிடந்ததால் அப்பாவையும் அம்மாவையும் லயத்திலிருந்து, அதாவது அந்த வரிசை வீட்டிலிருந்து, கீழே கூட்டி வந்து கழக்கூட்டம் நெடுஞ்சாலையோரம் இரண்டு அறை வாடகை வீட்டில் வைத்திருந்தாள். "அப்பாவுக்கு லாரி சத்தத்துல தூக்கமே வரல சார். ஆனா ஆஸ்பத்திரி பக்கம்" என்பாள். அப்பாவுக்கு நெஞ்சில் சளிக்கட்டு. மேலே இருந்தால் மருத்துவமனைக்கு மலையிறங்க வேண்டும். அவளுக்கு வேலை இருக்கும் வரை அவர் கீழே இருக்கலாம். கணக்கு அவ்வளவு எளிமையானது.

அவள் கணினியில் 'சும்மா' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அதில்தான் இருப்பாள். எழுத்துக்கள் ஒவ்வொன்றாக நனைந்து ஒழுகும் மழை ஒன்று. அழுத்திப் பிடித்தால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரியும் பொத்தான் ஒன்று. பக்கம் திறக்கும் வரை வழக்கமாகச் சுழலும் வட்டத்துக்குப் பதிலாக, வளைவுகளில் முக்கி முக்கி ஏறும் ஒரு சின்ன பஸ். "பஸ் மேல போய்ச் சேந்தா பக்கம் தொறக்கும் சார்." "சேரலைன்னா?" "எங்க ஊரு பஸ்தானே. சில நாள் சேராது." என் வெளியீட்டுப் பட்டியலைக் காட்டி, இதெல்லாம் எந்த எண்ணின் கீழ் வரும் என்று கேட்டேன். "உங்க லிஸ்ட்ல நாப்பத்திரெண்டு கட்டம் இருக்கு. அழகுன்னு ஒரு கட்டம் காணோமே சார்" என்றாள். பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக நினைவு.

நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரிக்கும் பழம்பொரி வாசனை வரும்போதெல்லாம் எனக்கு அந்த வெள்ளிக்கிழமை வந்துவிடும். நாலு மணி. வெளியே மழை, அலுவலக நடைக்கூடம் முழுக்க விரித்து வைத்த ஈரக் குடைகள், கேன்டீனிலிருந்து எண்ணெய் வாசனை. அயல்நாட்டில் மலைப்பிரதேசச் சுற்றுலா நடத்தும் ஒரு வாடிக்கையாளருக்கு முகப்புப் பக்கம் தயாராகிக்கொண்டிருந்தது. திங்களன்று திறப்பு. அவள் என்னைக் கூப்பிட்டாள். திரை முழுவதும் வெளுத்துக் கிடந்தது. "ஒண்ணும் வரலையே" என்றேன். "தொடைங்க சார்." சுட்டெலியை நகர்த்தினேன். நகர்ந்த இடத்தில் பனி விலகி ஒரு பள்ளத்தாக்கு தெரிந்தது. ஓரங்களில் நீர் கோத்து, ஒரு சொட்டு தயங்கி நின்று கீழே வழிந்தது. கையை எடுத்ததும் பனி மெல்லத் திரும்பி மூடியது. மறுபடி துடைத்தேன். மூன்றாம் முறையும் துடைத்தேன்.

"காலம்பற எங்க பஸ் கண்ணாடி இப்படித்தான் இருக்கும். தொடைச்சாத்தான் ரோடு" என்றாள். பிறகு கேட்டாள்: "இவ்வளவு மதியா சார், இன்னும் வேணுமா?"

"மதி, மதி" என்றேன். பழம்பொரி ஆறிக்கொண்டிருந்தது. கேன்டீனுக்குப் போனேன்.

இந்தச் சொல்லைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் உறவினர்களுக்கு மதி என்றால் நிலவு, அறிவு. மலையாளத்தில் ஊறிய எங்களுக்கு அது 'போதும்'. ஆனால் இரண்டு விதமான போதும். சாம்பார் வாளி வரும்போது இலைக்குக் குறுக்கே கையை வைத்து மதி என்றால், நிறுத்து. கடைக்காரர் கால் கிலோ மதியோ என்று கேட்க மதி என்றால், அதுவே சரி, கட்டித் தா. இங்கே பிறந்த யாருக்கும் இதில் குழப்பம் வருவதில்லை. குரலும் முகமும் மீதியைச் சொல்லிவிடும்.

அவள் அன்று மாலையே பனியை வெளியீட்டில் சேர்த்தாள். வெளியீட்டுப் பட்டியலில் 'ஒப்புதல்' என்ற இடத்தில் என் பெயரை எழுதி, பக்கத்தில் 'வாய்மொழி' என்று நேர்மையாகக் குறித்தாள். திங்களன்று அங்கே பக்கம் திறந்தது. அந்த நிறுவனத்தின் பயணிகள் பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களுடைய கணினிகளில் இருந்த பழைய உலாவிகளுக்குப் பனியை மூடத் தெரிந்தது, துடைக்கத் தெரியவில்லை. அரை நாள் முழுவதும், பனியைப் பக்கத்திலிருந்து அடியோடு நீக்கும் வரை, அவர்கள் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பழைய உலாவியில் சோதிப்பது என் பட்டியலில் முப்பத்தொன்றாவது கட்டம். முறைப்படி மறுஆய்வுக்கு வந்திருந்தால் பத்து நிமிடத்தில் பிடித்திருப்பேன்.

விசாரணைக்கு மூன்று பேர். மேலாளர் சுகுமாரன், மனிதவளப் பிரிவுப் பெண்மணி, தரப் பிரிவிலிருந்து ஒருவர். மூவரும் மலையாளிகள். செல்வராணி மேசையின் ஒரு முனையில், நான் மறுமுனையில். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். சுகுமாரன் என்னிடம் திரும்பினார். நான் கையேட்டின் ஏழாம் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

"சாரே, அத்தனை பறையண்டா" என்றார், நீட்ட வேண்டாம் என்று. "ஆமாவோ இல்லையோ, ஒண்ணு சொன்னா மதி. சார் சரின்னு சொன்னதா?"

"மதின்னுதான் சொன்னேன். நிறுத்துங்கற அர்த்தத்துல."

மனிதவளப் பெண்மணி பேனாவை எடுத்தார். "ரெண்டு வட்டம் சொன்னதோ?" என்று கேட்டார் தரப் பிரிவுக்காரர், இரண்டு தடவையா என்று. ஆமாம் என்றேன். "ரெண்டு வட்டம் மதி மதின்னு சொன்னா நிறுத்துன்னுதான். ஊணு கழிக்கும்போ அப்படித்தானே" என்று அவர் சாப்பாட்டுப் பந்தியைச் சாட்சிக்கு அழைத்தார். மூவரும் தங்கள் தாய்மொழியின் ஒரு சொல்லைப் பத்து நிமிடம் ஆராய்ந்தார்கள். பிறகு குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஆங்கிலத்துக்குப் போனதும் அது நிறுத்து என்ற பக்கமே சாய்ந்து படுத்துக்கொண்டது. செல்வராணி என்னையே பார்த்தாள்.

அந்த மாதம் முடிய வேண்டிய அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வேலையை விட்டுப் போகிறவர்கள் ஒன்பது பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டிய விடுவிப்புப் படிவம் ஒன்று உண்டு. அதுவும் என் படைப்பே. ஆறாவது கையெழுத்து என்னுடையது. படிவத்தை நீட்டினாள்.

"வீடு?" என்று கேட்டேன்.

"காலி பண்ணிட்டோம் சார். அப்பா அம்மா மேல போயாச்சு."

"அப்பாவுக்கு நெஞ்சு..."

"எங்க சார் கையெழுத்து? இல்ல, வாயால சொன்னா போதுமா?"

கையெழுத்திட்டேன். நன்றி சார் என்று சொல்லிவிட்டு ஏழாவது ஆளைத் தேடிப் போனாள்.

இந்தக் கதையை வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறேன், ஒரு சொல்லால் வந்த விபரீதம் என்று, வேடிக்கையாக. இப்போது உங்களிடம் வேறு மாதிரி சொல்கிறேன். நிறுத்து என்று நான் நினைக்கவில்லை. நிறுத்த நினைக்கிறவன் மூன்று முறை துடைத்துப் பார்க்க மாட்டான். அந்தச் சொட்டு எங்கே தயங்கி நின்றது என்பதுகூட இன்றும் என்னால் காட்ட முடியும். நன்றாக இருக்கிறது, இதுவே சரி என்றுதான் சொன்னேன். அதை அந்த அறையில் சொல்லியிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும் என்பதும் அப்போதே தெரியும். நடைமுறைக் கையேட்டில் அதற்கும் ஒரு பக்கம் உண்டே. முதல் தவறு, மூத்த பணியாளர் என்றால் ஓர் எச்சரிக்கைக் கடிதம். கோப்பில் ஓர் ஆண்டு இருக்கும், பிறகு எடுத்துவிடுவார்கள். ஓய்வு பெற எனக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. சுத்தமான கோப்போடு வெளியே வரவேண்டும் என்று ஓர் ஆசை. வந்தேன். பொன்னாடை போர்த்தினார்கள்.

அந்த அலுவலகம் இருந்த மாடியில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். சுற்றுலா நிறுவனம் தன் நிரல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டது. அதன் பக்கத்தைத் தேடினால் முகவரியே இல்லை என்கிறது உலாவி. நான் கட்டிய முந்நூறு நானூறு பக்கங்களில் ஒன்றுகூட இன்று உயிரோடு இல்லை, அதைப் பற்றி எனக்குப் பெரிய துக்கமும் இல்லை, தெரியாத படங்களை அடுக்கியவன் தெரியாமல் போவது நியாயம்தான். செல்வராணியின் எண் உபயோகத்தில் இல்லை. ஓய்வுக்குப் பிறகு ஒருநாள் போனக்காட்டுக்கு பஸ் ஏறிப் போனேன். லயத்தில் அவர்கள் இருந்த வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண், "பெரியவரு போயிட்டாரு. அந்தப் பிள்ள அம்மாவக் கூட்டிட்டு எங்கயோ வேலைக்குப் போயிருச்சு" என்றாள். எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. நீங்கள் யார் என்று கேட்டாள். கூட வேலை பார்த்தவன் என்றேன்.

செல்வராணி வேலையை விட்டுப் போன நாலாம் நாள் என் மேசைக்கு இன்னொரு படிவம் வந்திருந்தது. விலகியவரின் கணினியை முழுவதும் அழித்து அடுத்தவருக்குத் தருவதற்கான அனுமதி. மழை, இலைப் பொத்தான், மலையேறும் பஸ், பனியின் முதல் வடிவிலிருந்து கடைசி வடிவம் வரை எல்லாம் அந்த ஒரே வட்டில்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது என்று எனக்குத் தெரியும். 'பாதுகாக்க வேண்டிய கோப்புகள்' என்று ஒரு கட்டம். 'இல்லை' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு அனுப்பினேன்.