பள்ளிக்கூடத்துக்குப் பிடிமண்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கூரை பறந்துபோய்க் கரும்புத் தோட்டத்தில் விழுந்த வருஷம் நான் அஞ்சாம் வகுப்பு. ஐப்பசி மாதம். இரண்டு பகலும் ஓர் இரவும் காற்று அடித்தது. மழை விட்ட காலையில் ஓடிப்போய்ப் பார்த்தால் நாலு மண்சுவர் நிற்கிறது, மேலே வானம். ஒரு தகரம்கூட இல்லை. கரும்பலகை பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் மிதந்தது. வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் வருகைப் பதிவேட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அழுத பிள்ளைகள் இரண்டு பேர் உண்டு. லீவு என்று குதித்த பிள்ளைகள் அதைவிட அதிகம். எனக்கு இரண்டும் வரவில்லை. கோபம்தான் வந்தது. பிறந்ததிலிருந்தே எனக்கு முதலில் வருவது அதுதான்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. பங்குனியில் அஞ்சாம் வகுப்புப் பரீட்சை. எங்கள் ஊரில் அதுவரை ஒரு பெண்பிள்ளையும் அந்தப் பரீட்சையை எழுதியதில்லை. இரண்டாவதோ மூன்றாவதோ முடிந்ததும் தம்பி தங்கையைத் தூக்கிக்கொள்ள நிறுத்திவிடுவார்கள். நான் அடம்பிடித்து, பட்டினி கிடந்து, ஒவ்வொரு வருஷமாக மேலே ஏறி வந்திருந்தேன். அத்தை மகன் ஒருவன் வேறு இருந்தான். "புள்ளைய எப்பத்தான் நிப்பாட்டப் போறீக?" என்று அத்தை பொங்கலுக்குப் பொங்கல் வந்து கேட்டுவிட்டுப் போவாள். பள்ளிக்கூடம் நின்றால் நானும் நிற்பேன். நான் நின்றால் அடுத்தது தாலிதான். பதினோரு வயதில் இந்தக் கணக்கு எனக்கு நன்றாகவே தெரிந்தது.

கொஞ்ச நாள் கழித்து மேலதிகாரி ஒருவர் ஜட்கா வண்டியில் வந்து சுவரைச் சுற்றிப் பார்த்தார். அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். மண்ணெண்ணெய்க்கே அலைந்துகொண்டிருந்தோம். "தகரமெல்லாம் சண்டைக்குப் போகுது. இப்போதைக்குக் கிடைக்காது" என்றார். எங்கள் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு, பிள்ளைகளையும் வாத்தியாரையும் முல்லையாற்றுக்கு அக்கரையில் இருந்த ஊரின் பள்ளிக்கூடத்தோடு சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அது ஓட்டுக்கட்டடம். புயலுக்கு ஓர் ஓடுகூட நகரவில்லையாம்.

பறந்த தகரங்கள் எங்கே போயின என்பது ஊருக்கே தெரியும். அந்தக் கார்த்திகையில் பாதி மாட்டுத் தொழுவங்கள் புதுக்கூரையோடு மினுக்கிக்கொண்டு நின்றன. எங்கள் தொழுவத்திலும் ஒன்று இருந்தது. அய்யாவிடம், அதாவது என் அப்பாவிடம், நேராகவே கேட்டேன்.

"காத்து கொண்டாந்து போட்டுச்சு ஆத்தா. நான் என்ன செய்ய?" என்றார்.

அக்கரை ஊர் என்றால் எங்கள் ஊருக்கு ஆகாது. வாய்க்கால் தண்ணீர்ச் சண்டை. அய்யா பிறப்பதற்கு முன்பே மூண்டது. பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. இழவு வீட்டுக்கு மட்டும் போவார்கள்; போனாலும் அங்கே ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காமல் திரும்புவார்கள். ஆகவே ஊர்ச் சாவடியில் கூடிப் பேசி, பையன்கள் வேண்டுமானால் போகட்டும், பொட்டப்பிள்ளைகள் போகக்கூடாது என்று முடிவு செய்தார்கள். பொட்டப்பிள்ளைகள் என்றால் மொத்தம் மூன்று பேர். மற்ற இருவரும் ஒன்றாம் வகுப்பு. தீர்ப்பு எனக்காகத்தான்.

அய்யா வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "போதும்த்தா. படிச்ச வரைக்கும் போதும். நம்ம எடம்னா விட்டிருப்பேன். அது அடுத்த ஊருக்காரன் எடம்."

நான் சிலேட்டைத் தூக்கி எறிந்தேன். அது உடைந்தது. அப்புறம்தான் அழுதேன், சிலேட்டுக்காக.

என்னைப் பெற்ற ஆத்தாவுக்குப் பிறந்த ஊர் கோம்பை. அதிகம் பேசமாட்டாள். "கோம்பை நாயி குரைக்காது, நேரா வந்து கவ்வும்" என்று அய்யா அவளைக் கிண்டல் செய்வார். அன்றைக்கு ஆத்தா கேப்பைக்களியை உருட்டி அவர் வட்டிலில் வைத்தாள். அவர் முதல் கவளத்தைக் குழம்பில் முக்கும் வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"நம்ம குலசாமி எங்கன இருந்து வந்துச்சு?"

"வடக்க இருந்து. ஒனக்குத் தெரியாதாக்கும்?"

"எப்பிடி வந்துச்சு?"

"பிடிமண்ணாத்தான்."

பிடிமண் என்றால் எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். பிழைக்க வேறு ஊர் போகிறவர்கள் பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணெடுத்துத் துணியில் முடிந்து கொண்டுபோவார்கள். போன இடத்தில் அந்த மண்ணைப் போட்டுச் சாமியை நிறுத்திவிட்டால், அதுவும் அதே சாமிதான். அந்த இடமும் நம் இடம்தான். எங்கள் முன்னோர் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்ததும் அப்படித்தான்.

"அப்ப நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு பிடி மண்ணெடுத்து அங்கன போட்டா, அது யாரு எடம்?" என்றாள் ஆத்தா.

அய்யா சிரித்தார். "பள்ளிக்கூடம் என்னடி சாமியா?"

"சரஸ்வதி பூசைக்கு அங்கன போயி நெடுஞ்சாண்கிடையா விழுந்தீகளே, அது எதுக்கு? காத்து தள்ளிவிட்டுச்சா?"

அய்யா சிரிப்பை நிறுத்திவிட்டுக் களியைத் தின்றார். மறுநாள் சாவடியில் அவரே இந்தப் பேச்சை எடுத்தார். அவர் வாயால் எடுத்ததுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. எழுத்து சாமியா இல்லையா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் முறைப்படி செய்ய வேண்டும் என்றார்கள். கன்னிப்பிள்ளைதான் மண்ணைச் சுமக்க வேண்டும். வழியில் கீழே வைக்கக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது, வாய் திறந்து பேசக்கூடாது. மண் சிந்தினால் சாமிக்கு வர மனமில்லை என்று அர்த்தம். அத்தோடு பேச்சு முடிந்தது, பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

சுமப்பது யார்? மற்ற இரண்டு பேரும் மூக்கொழுகும் குழந்தைகள். நான்தான். "இவ வாய மூடிட்டு ஆறு தாண்டுவாளா?" என்று பெரியப்பா கேட்டதற்கு ஊரே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அன்றைக்கே வாயை மூடிப் பழக ஆரம்பித்தேன்.

வாத்தியார் அக்கரைக்குப் போய்ச் சொல்லிச் சம்மதம் வாங்கி வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் இடிந்த வகுப்பின் நடுவிலிருந்து ஒரு பிடி மண்ணெடுத்து மஞ்சள் துணியில் முடிந்து என் கையில் கொடுத்தார். எங்கள் ஊர் மண் செம்மண். துணியிலேயே சிவப்பு ஏறியது. கொட்டுக்காரர் முன்னே போக, பெரியவர்களும் வாத்தியாரும் அவர் பின்னே போக, நான் நடுவில் போனேன். அய்யாவும் மற்றவர்களும் சின்னப் பிள்ளைகளைக் கைபிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். தோட்டம் தாண்டி, வாழை தாண்டி, ஆற்றுத்துறை வரை ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

துறையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். முக்கால்வாசி தாண்டிவிட்டேன். கரையில் அக்கரை ஊர்ப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். அதில் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், கையைத் தட்டிக்கொண்டு கத்தினாள்.

"ஏய், கூரையில்லாத ஊருக்காரக வர்றாக டோய்!"

"போடி, ஒங்க ஊருக்குத் தண்ணி விடுறதே நாங்கதாண்டி!" என்றேன்.

சொன்ன அதே நொடியில் கால் பாசிக்கல்லில் வழுக்கியது. உட்கார்ந்த வாக்கில் ஆற்றில் விழுந்தேன். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. தண்ணீரில் சிவப்பாக ஒரு கோடு ஓடியது, அப்புறம் அதுவும் இல்லை. என் அஞ்சாம் வகுப்பு, பரீட்சை, எல்லாம் அந்தக் கோட்டோடு போனது.

ஆனால் நான் எழுந்துவிட்டேன். முன்னே போனவர்கள் கொட்டுச் சத்தத்தில் திரும்பவில்லை. பின்னால் வந்தவர்கள் அழுகிற ஒரு குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கரையில் நின்ற பிள்ளைகளும் அதற்குள் கொட்டுக்காரர் பின்னே ஓடிவிட்டார்கள். கரை ஏறியதும் பாவாடையைப் பிழிகிற மாதிரி குத்தவைத்து உட்கார்ந்தேன். கைக்கு வந்த மண்ணை ஒரு பிடி அள்ளினேன், துணியில் வைத்தேன், இறுக முடிந்தேன். அவர்கள் ஊர் மண். ஆற்றோரத்து வண்டல், மை மாதிரி கறுப்பு. ஈரமானால் எல்லா மண்ணும் கறுப்பாகத்தானே தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தலையை நிமிர்த்தி நடந்தேன்.

பள்ளிக்கூட வாசலில் வேப்பங்கன்று ஒன்று நட்டுப் பக்கத்தில் சின்னக் குழி தோண்டி வைத்திருந்தார்கள். இரண்டு ஊர் ஆம்பளைகளும் ஆளுக்கொரு பக்கம் விறைப்பாக நின்றார்கள். நான் குனிந்து முடிச்சை அவிழ்த்தேன். அய்யா துணியில் இருந்த மண்ணைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அக்கரை ஊர் நாட்டாமை, மீசை நரைத்தவர், அவரும் எட்டிப் பார்த்தார். பிறகு என் பாவாடையைப் பார்த்தார், பிறகு அய்யாவைப் பார்த்தார்.

"நல்ல மண்ணு. போடுத்தா" என்றார்.

போட்டேன். வாத்தியார் தண்ணீர் ஊற்றினார். உள்ளே போய் முதல் வரிசையில், சுவர் ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்தில் யார் என்று நினைக்கிறீர்கள்? கரையில் கத்திய அதே வாயாடிதான். எங்களுக்குள் பரீட்சை வரை ஒரே போட்டி. அதற்கப்புறம் ஒரே சிநேகிதம். பங்குனியில் இரண்டு பேரும் பாஸ் செய்தோம். அவளுக்கு என்னைவிட ஒரு மார்க் கூட. அதை இன்றும் சொல்லிக்காட்டுவாள். தகரம் கிடைத்து எங்கள் ஊர்ச் சுவருக்குக் கூரை ஏறச் சில வருஷம் ஆனது. அதற்குள் எங்கள் ஊரிலிருந்து ஏழெட்டுப் பெண்பிள்ளைகள் ஆற்றைத் தாண்டியிருந்தார்கள். அத்தை மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்துவிட்டார்கள். நன்றாக இருக்கட்டும்.

ஊரையே ஏமாற்றிவிட்டேன் என்ற கர்வம் எனக்கு நாலு வருஷம் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, ஆத்தாவிடம்கூட. உத்தமபாளையத்தில் சித்தி வீட்டில் தங்கி எட்டாவது முடித்தேன். மதுரையில் டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைத்தது. பஸ் ஏற்றிவிட அய்யா வந்தார். அப்போது பஸ்களெல்லாம் கரியில் ஓடின. கிளீனர் பின்பக்கத்து அடுப்பில் கரியைக் கொட்டி, காற்று ஊதும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி வியர்த்துக்கொண்டிருந்தான். வண்டி கிளம்ப நேரம் ஆகும் என்று தெரிந்தது. அய்யா என் தகரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்.

"ஏத்தா, அன்னைக்கு நீ போட்டது வண்டல்தானே?" என்றார்.

"எப்பிடித் தெரியும் அய்யா?"

"நல்லாக் கேட்ட. மண்ணுல பொழைக்கிறவன் நான். செம்மண்ணுக்கும் வண்டலுக்கும் வித்தியாசம் தெரியாமயா இத்தன வருசம் ஏர் பிடிச்சேன்? எனக்கு மட்டுமா? அங்கன நின்ன அத்தன பேருக்கும் தெரியும். அந்த நாட்டாமைக்கு அது எந்த வயக்காட்டு ஓரம்னே தெரிஞ்சிருக்கும்."

"அப்ப ஏன் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல?"

அய்யா வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சொன்னா ஒன்னய வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிட்டுப் போகணுமே ஆத்தா."